சோர்ஸிலிருந்து எக்ஸிம் மெயில் சர்வர்: பில்ட் ஆப்ஷன்களை அமைக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லினக்ஸில் எக்ஸிமை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்வது பெரிய வித்தை இல்லை. கட்டளைகளை எண்ணினால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். ஆட்களைத் திணற வைப்பது வேறு ஒன்று. எக்ஸிமின் பல வசதிகள் கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி எழுதினால் மட்டும் வந்துவிடாது. கம்பைல் செய்யும்போதே பைனரிக்குள் (கம்பைல் செய்து கிடைக்கும் ஓடும் நிரலுக்குள்) போயிருக்க வேண்டும். இது தெரியாமல் இறங்கினால், சர்வர் எழுந்து நிற்கும், மெயில் உள்ளே வரும், ஆனால் ஒருவராலும் லாகின் செய்து மெயில் அனுப்ப முடியாது. லாகினுக்கான டிரைவர் ஒன்றுகூட இயல்பாகச் சேர்வதில்லை என்பதுதான் காரணம்.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. ஆப்ஷன் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே உச்சரிப்பை ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறது. கோப்பில் ஆப்ஷன் பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்திலும், கட்டளைகள் பெரும்பாலும் சிறிய எழுத்திலும் இருக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் முக்கியமான இடங்களில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறது.

1. முதலில், கம்பைல் செய்தே ஆக வேண்டுமா?

பலருக்குத் தேவைப்படாது. டெபியனில் எக்ஸிம்4-டீமன்-லைட், எக்ஸிம்4-டீமன்-ஹெவி என்று இரண்டு பேக்கேஜ்கள் இருக்கின்றன. இயல்பாக வருவது லைட். அதில் மைஎஸ்கியூஎல்லோ வைரஸ் ஸ்கேன் வசதியோ இல்லை என்றதும் சோர்ஸைத் தேடி ஓடுகிறவர்கள் உண்டு. ஹெவியில் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட், எல்டாப் (யூசர் விவர டைரக்டரி), பெர்ல், ஸ்கேன் வசதி எல்லாமே இருக்கின்றன. ஒரு பேக்கேஜை மாற்றினால் தீர்ந்துவிடும் விஷயத்துக்கு கம்பைலரைத் தொட வேண்டாம்.

இருக்கும் எக்ஸிமில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க எக்ஸிம் -பிவி கட்டளையைக் கொடுங்கள் (பி சிறியது, வி பெரியது, டெபியனில் பைனரியின் பெயர் எக்ஸிம்4). சப்போர்ட், லுக்அப்கள் (கோப்பிலோ டேட்டாபேஸிலோ தேடும் வழிகள்), ஆதென்டிகேட்டர்கள் (லாகின் வழிகள்), ரவுட்டர்கள் (மெயில் எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பவை), டிரான்ஸ்போர்ட்கள் (கொண்டு சேர்ப்பவை) என்று வரிவரியாகப் பட்டியல் வரும். உங்களுக்கு வேண்டியது அதில் இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

சோர்ஸுக்குப் போக நியாயமான காரணங்கள் மூன்று: உங்கள் டிஸ்ட்ரோவின் பேக்கேஜில் இல்லாத ஒரு ஆப்ஷன் வேண்டும், டிஎல்எஸ் எனும் இணைப்புக் குறியாக்கத்துக்கு க்னுடிஎல்எஸ் லைப்ரரிக்குப் பதில் ஓபன்எஸ்எஸ்எல் வேண்டும், அல்லது டிஸ்ட்ரோ தருவதைவிடப் புதிய பதிப்பு வேண்டும்.

செலவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். மென்பொருள் இலவசம். கம்பைல் ஆகும் நேரமும் சில நிமிடங்கள்தான். உண்மையான செலவு பராமரிப்பு. நீங்களே கட்டிய பைனரியை பேக்கேஜ் மேனேஜர் புதுப்பிக்காது. 2019 ஜூனில் வெளியான சிவிஇ-2019-10149 என்ற பாதுகாப்பு ஓட்டை 4.87 முதல் 4.91 வரையிலான பதிப்புகளில் வெளியாட்கள் ரூட்டாகக் கட்டளை ஓட்ட வழி விட்டது. டிஸ்ட்ரோ பேக்கேஜ் வைத்திருந்தவர்களுக்கு ஒரு அப்டேட்டோடு போயிற்று. சோர்ஸிலிருந்து கட்டியவர்கள் அதைக் கவனித்து, இறக்கி, மறுபடி கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளத் தயாரா என்று யோசித்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

2. தொடங்கும் முன் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு தாளில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். பில்ட் ஆப்ஷன்கள் எல்லாம் இந்தப் பதில்களிலிருந்துதான் வருகின்றன.

- மெயில்பெட்டிகள் எங்கே? இதே சர்வரில் மெயில்டிர் வடிவிலா (மெயிலுக்கு ஒரு கோப்பு), ஐமேப் சர்வரான டவ்காட்டிடம் ஒப்படைப்பதா, வாங்கி வேறு சர்வருக்கு அனுப்பும் வெறும் ரிலே மட்டுமா?
- யூசர் பட்டியல் எதில் இருக்கிறது? சாதாரண டெக்ஸ்ட் கோப்பா, மைஎஸ்கியூஎல்லா, எல்டாப்பா?
- யூசர்கள் லாகின் செய்து வெளியே அனுப்புவார்களா? பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது யார்?
- ஸ்பாம், வைரஸ் சோதனை மெயிலை ஏற்கும் முன்பே நடக்க வேண்டுமா?
- எஸ்பிஎஃப், டிமார்க் சோதனை (அனுப்புபவரின் டொமைன் போலியா என்று பார்ப்பவை) வேண்டுமா?
- பைனரி, கான்ஃபிக், ஸ்பூல் (மெயில் வரிசை), லாக் ஒவ்வொன்றும் எந்த டைரக்டரியில்?

பிறகு பேக்கேஜ்கள். ஜிசிசி, மேக், பெர்ல், பிகேஜி-கான்ஃபிக் நான்கும் அடிப்படை. லைப்ரரிகளில் பிசிஆர்இ2 கட்டாயம், 4.96 பதிப்பிலிருந்து பழைய பிசிஆர்இ போதாது. அதோடு ஓபன்எஸ்எஸ்எல் அல்லது க்னுடிஎல்எஸ், பெர்க்லி டிபி அல்லது ஜிடிபிஎம். எல்லாவற்றிலும் ஹெடர் கோப்புகள் உள்ள பேக்கேஜ்தான் வேண்டும். டெபியன் குடும்பத்தில் பெயரின் கடைசியில் -டெவ் என்றும், ரெட்ஹேட் குடும்பத்தில் -டெவல் என்றும் இருக்கும். லைப்ரரி ஏற்கெனவே இருக்கிறதே என்று இதை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் முதல் தடுக்கல்.

கடைசியாக, எக்ஸிமுக்கென்று ஒரு சிஸ்டம் யூசரையும் குரூப்பையும் கம்பைலுக்கு முன்பே உருவாக்குங்கள். லாகின் ஷெல் வேண்டாம். ஏன் முன்பே என்பது நான்காம் படியில் வருகிறது.

3. சோர்ஸை இறக்குதல்

எக்ஸிமின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து டார் கோப்பையும், அதே பெயரில் .ஏஎஸ்சி என்று முடியும் கையெழுத்துக் கோப்பையும் இறக்கி, ஜிபிஜி கொண்டு சரிபாருங்கள். ரூட் உரிமையோடு ஓடப்போகும் பைனரி இது. இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். பிறகு சாதாரண யூசராக விரியுங்கள். கம்பைல் முடியும் வரை ரூட் தேவையில்லை.

4. எடிட்மீ கோப்பு: கட்டாய வரிகள்

எக்ஸிமுக்கு கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் கிடையாது. விரித்த டைரக்டரிக்குள் எஸ்ஆர்சி என்ற டைரக்டரியில் எடிட்மீ என்று ஒரு கோப்பு இருக்கும். அதை லோக்கல் டைரக்டரிக்குள் மேக்ஃபைல் என்ற பெயரில் காப்பி செய்யுங்கள். ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் மேலே நீண்ட விளக்கம் இருக்கிறது. அலுப்பாக இருந்தாலும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது; வெளியே கிடைக்கும் பாதிக் குறிப்புகளைவிட அது தெளிவானது.

முன்னால் # குறி இருக்கும் வரி செயலில் இல்லை. குறியை எடுத்தால் செயலுக்கு வரும். முதலில் தொட வேண்டிய வரிகள்:

பின்_டைரக்டரி: பைனரி போகும் இடம். இந்தப் பாதை பைனரிக்குள்ளேயே பதிந்துவிடும். எக்ஸிம் தன்னைத்தானே மறுபடி அழைக்கும்போது இந்த இடத்தில்தான் தேடும். ஆகவே ஓரிடத்துக்குக் கட்டிவிட்டு இன்னோர் இடத்துக்குக் காப்பி செய்தால் ஓடாது.

கான்ஃபிகர்_ஃபைல்: ரன்டைம் கான்ஃபிக் கோப்பின் முழுப் பாதை. இது ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். மற்றவர்களால் எழுத முடியக்கூடாது. இல்லையென்றால் எக்ஸிம் அதைப் படிக்கவே மறுக்கும்.

எக்ஸிம்_யூசர்: காலியாகத்தான் வரும், நிரப்பாவிட்டால் பில்ட் நிற்கும். ரூட் என்று கொடுக்க முடியாது. பெயர் கொடுத்தால், கம்பைல் நடக்கும் மெஷினில் அந்தப் பெயருக்குள்ள யூஐடி (யூசர் அடையாள) எண் எடுக்கப்பட்டு பைனரியில் பதியும். யூசரை முன்பே உருவாக்கச் சொன்னது இதற்காகத்தான். ஒரு மெஷினில் கட்டி வேறு மெஷினில் வைப்பதாக இருந்தால் இது பெரிய பொறி: இரண்டிலும் யூஐடி எண் வேறாக இருந்தால் ஸ்பூல் டைரக்டரியின் உரிமைகள் எல்லாம் குழம்பும். அப்போது பெயருக்கு முன்னால் ரெஃப் என்ற சொல்லும் ஒரு முக்காற்புள்ளியும் சேர்த்து எழுதுங்கள். எண்ணைப் பதிக்காமல், ஓடும்போது பெயரைத் தேடிக்கொள்ளும். பெயருக்குப் பதில் எண்ணையே கொடுத்தால் எக்ஸிம்_குரூப் வரியையும் நிரப்ப வேண்டும்.

ஸ்பூல்_டைரக்டரி: வரிசையில் காத்திருக்கும் மெயில்கள் இங்கே இருக்கும். லாக் பாதையைத் தனியாகக் கொடுக்காவிட்டால் லாக்கும் இதற்குள்தான் போகும். லாக்கை வார் லாக் பக்கம் வைக்க வேண்டுமானால் லாக்_ஃபைல்_பாத் வரியில் பெயருக்குள் %எஸ் (சிறிய எஸ்) வரும்படி எழுதுங்கள்; மெயின், ரிஜெக்ட், பேனிக் என்ற மூன்று பெயர்களும் அங்கேதான் வந்து உட்காரும். அந்த டைரக்டரியில் எக்ஸிம் யூசரால் எழுத முடிய வேண்டும்.

எக்ஸிம்_மானிட்டர்: இது # இல்லாமல் செயலில் வரும் வரி. கிராஃபிக்ஸ் திரையில் ஓடும் ஒரு கண்காணிப்புக் கருவியைக் கட்டச் சொல்கிறது. அதற்கு எக்ஸ்11 லைப்ரரிகள் வேண்டும். சர்வரில் எக்ஸ்11 எதற்கு? வரியின் முன்னால் # போட்டுவிடுங்கள். மறந்தால், லோக்கல் டைரக்டரியில் எக்ஸிமான்.கான்ஃப் இல்லை என்றோ, எக்ஸ்11 ஹெடர் கிடைக்கவில்லை என்றோ பில்ட் உடையும்.

ஃபிக்ஸ்டு_நெவர்_யூசர்ஸ்: ரூட் என்று இருக்கும். அப்படியே விடுங்கள். ரூட்டாக ஒருபோதும் டெலிவரி செய்யாதே என்று அர்த்தம். பலன்: ரூட்டுக்கு வரும் சிஸ்டம் மெயில்கள் டெலிவரி ஆகாமல் நிற்கும். தீர்வு ஏலியாஸ் கோப்பில் ரூட்டை ஒரு சாதாரண யூசருக்குத் திருப்பிவிடுவதே. பாதுகாப்பு வரியை அழிப்பது தீர்வு ஆகாது.

இந்தக் கோப்பைத் திருத்தும்போது இன்னொரு கண்ணுக்குத் தெரியாத பொறி: மதிப்புக்குப் பிறகு அதே வரியில் # போட்டுக் குறிப்பு எழுதாதீர்கள். மேக் நிரல் # வரைக்கும் உள்ள வெற்றிடங்களையும் மதிப்பின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். பாதைக்குப் பின்னால் இரண்டு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டால், அந்தக் கோப்பு கண்ணெதிரே இருந்தும் இல்லை என்று சொல்லும். குறிப்புகளைத் தனி வரியில் எழுதுங்கள்.

5. டிஎல்எஸ்: ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்

புதிய பதிப்புகளில் டிஎல்எஸ் இயல்பாகவே உண்டு. ஆனால் எந்த லைப்ரரி என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். யூஸ்_ஓபன்எஸ்எஸ்எல் அல்லது யூஸ்_க்னுடிஎல்எஸ், இரண்டில் ஒன்றுக்கு யெஸ் கொடுங்கள். எதையும் சொல்லாவிட்டால் கம்பைல் நின்றுவிடும். பழைய குறிப்புகளில் சப்போர்ட்_டிஎல்எஸ் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லியிருக்கும். இப்போது அது வேண்டாம். டிஎல்எஸ்ஸே வேண்டாம் என்பவர்களுக்கு டிஸ்ஏபிள்_டிஎல்எஸ் உண்டு. மெயில் சர்வரில் அதற்கு நல்ல காரணம் ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம்.

லைப்ரரி பெயர்களைக் கையால் எழுதலாம். ஆனால் யூஸ்_ஓபன்எஸ்எஸ்எல்_பிசி வரியில் ஓபன்எஸ்எஸ்எல் என்று கொடுத்தால் பிகேஜி-கான்ஃபிக் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். அந்த வழிதான் சுலபம். கையால் எழுதுவதானால் டிஎல்எஸ்_லிப்ஸ் வரியில் எஸ்எஸ்எல்லும் கிரிப்டோவும் இரண்டுமே இருக்க வேண்டும்.

எதைத் தேர்வது? இரண்டும் உறுதியானவை. ஏற்கெனவே ஒரு கான்ஃபிக் கோப்பு கையில் இருந்தால் அது எந்த லைப்ரரிக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். டிஎல்எஸ்_ரிக்வயர்_சைஃபர்ஸ் என்ற ரன்டைம் வரிக்கு ஓபன்எஸ்எஸ்எல் ஒரு மொழியிலும் க்னுடிஎல்எஸ் வேறு மொழியிலும் மதிப்பை எதிர்பார்க்கின்றன. டெபியன் பேக்கேஜ் க்னுடிஎல்எஸ்ஸில் கட்டப்பட்டது. அங்கிருந்த கோப்பை அப்படியே ஓபன்எஸ்எஸ்எல் பில்டுக்குக் கொண்டுவந்தால் இந்த வரியில்தான் முட்டும். மாற்றி எழுதாவிட்டால் டிஎல்எஸ் இணைப்புகள் தோற்கும்; மற்றதெல்லாம் சரியாகத் தெரிவதால் காரணம் சட்டென்று பிடிபடாது.

6. குறிப்புத் தரவுக் கோப்புகள்

எந்த சர்வர் பதில் சொல்லவில்லை, எப்போது மறுபடி முயல்வது என்பது போன்ற தகவல்களை எக்ஸிம் சிறிய டிபிஎம் கோப்புகளில் வைத்துக்கொள்கிறது. லினக்ஸில் இயல்பு பெர்க்லி டிபி. அதன் ஹெடர் இல்லையென்றால் டிபி.எச் கிடைக்கவில்லை என்று பில்ட் நிற்கும். பெர்க்லி டிபி கிடைக்காத சூழலில் யூஸ்_ஜிடிபிஎம் யெஸ் என்றும், டிபிஎம்லிப் வரியில் -எல்ஜிடிபிஎம் என்றும் எழுதுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இந்த வகையை மாற்றினால், ஸ்பூலுக்குள் டிபி டைரக்டரியில் இருக்கும் பழைய கோப்புகளைப் புதிய பைனரியால் படிக்க முடியாது. எக்ஸிமை நிறுத்திவிட்டு அந்தக் கோப்புகளை மட்டும் அழியுங்கள். அவற்றில் மெயில் எதுவும் இல்லை. தானாக மறுபடி உருவாகும். இன்புட் டைரக்டரியின் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள், மெயில் இருப்பது அங்கேதான்.

7. லுக்அப்கள்

எடிட்மீயில் டிபிஎம், எல்சர்ச், டிஎன்எஸ்டிபி மூன்றும் செயலில் இருக்கும். சின்ன சர்வருக்கு எல்சர்ச் ஒன்றே தாராளம்: சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் வரிக்கு ஒரு யூசர்.

லுக்அப்_டிசர்ச் வரியைக் கட்டாயம் திறந்துவிடுங்கள். வெளி லைப்ரரி எதுவும் வேண்டாம். 4.94 முதல், வெளியிலிருந்து வந்த முகவரியின் பகுதியை நேரடியாகக் கோப்புப் பாதையில் போட எக்ஸிம் விடாது. அந்தப் பெயர் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒரு லுக்அப் வழியாக உறுதி செய்து, லுக்அப் தந்த மதிப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். டைரக்டரிக்குள் பெயரைத் தேடும் டிசர்ச் அதற்கு வசதி. இல்லாமல் கட்டினால், டொமைனுக்கு ஒரு டைரக்டரி வைத்திருப்பவர்கள் கான்ஃபிக் எழுதும்போது மாட்டிக்கொள்வார்கள்.

மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எல்டாப், எஸ்கியூலைட் போன்றவற்றுக்கு லைப்ரரி தேவை. இங்கே பலர் விழும் குழி லுக்அப்_இன்க்ளூட், லுக்அப்_லிப்ஸ் என்ற இரண்டு வரிகள். மைஎஸ்கியூஎல்லுக்கு ஒரு லுக்அப்_லிப்ஸ் வரி, கீழே எஸ்கியூலைட்டுக்கு இன்னொன்று என்று எழுதினால் கடைசி வரி மட்டுமே நிற்கும். முதல் வரி காணாமல் போய், லிங்க் ஆகும்போது அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் என்று திரை நிறைய எரர் கொட்டும். எல்லா லைப்ரரிகளையும் ஒரே வரியில் ஸ்பேஸ் விட்டு எழுதுங்கள். எல்டாப்புக்கு மட்டும் கூடுதலாக எல்டாப்_லிப்_டைப் வரியும் வேண்டும். ஓபன்எல்டாப் வைத்திருந்தால் ஓபன்எல்டாப்2 என்று எழுதுங்கள்.

யெஸ் என்பதற்குப் பதில் 2 என்று கொடுத்தால் அந்த லுக்அப் தனி மாட்யூலாகக் கட்டப்படும். அப்போது லுக்அப்_மாட்யூல்_டிர், சிஃப்ளாக்ஸ்_டைனமிக் வரிகளையும் திறக்க வேண்டும். ஒரே பைனரியைப் பல சர்வர்களில் வைப்பவர்களுக்கு உதவும். ஒரு சர்வர்தான் என்றால் யெஸ் போதும்.

8. டெலிவரியும் லாகினும்

இந்தப் பகுதியை அவசரமாகக் கடக்காதீர்கள். பில்டில் ஒரு எரரும் வராது, எல்லாம் சரியாக முடிந்த மாதிரி இருக்கும், ஓடும்போதுதான் தெரியும்.

மெயில்டிர் வேண்டுமானால் சப்போர்ட்_மெயில்டிர் வரியைத் திறக்க வேண்டும். திறக்காமல் கான்ஃபிக்கில் மெயில்டிர்_ஃபார்மட் என்று எழுதினால், அப்படி ஒரு ஆப்ஷன் தெரியாது என்று எக்ஸிம் சொல்லும். எழுத்துப் பிழை என்று நினைத்துக் கோப்பையே திருத்திக்கொண்டிருக்காதீர்கள். தெரியாத ஆப்ஷன் என்ற எரரைக் கண்டதும் முதலில் பில்டைச் சந்தேகப்படுங்கள்.

டவ்காட்டிடம் எல்எம்டிபி (மெயில்பெட்டிக்கு ஒப்படைக்கும் நெறிமுறை) வழியாக ஒப்படைப்பதானால், எந்த வழி என்று பாருங்கள். யூனிக்ஸ் சாக்கெட் வழியென்றால் டிரான்ஸ்போர்ட்_எல்எம்டிபி வேண்டும். இதுவும் இயல்பாக மூடியிருக்கும். டிசிபி போர்ட் வழியென்றால் வேண்டாம். சாதாரண எஸ்எம்டிபி டிரான்ஸ்போர்ட்டிலேயே புரோட்டோகால் எல்எம்டிபி என்று கொடுத்துவிடலாம்.

லாகினுக்கு ஆத்_ என்று தொடங்கும் வரிகள் எல்லாமே மூடியிருக்கும். ஆத்_பிளைன்டெக்ஸ்ட் திறந்தால் மெயில் ஆப்கள் கேட்கும் பிளைன், லாகின் இரண்டும் கிடைக்கும். ஆத்_டவ்காட் திறந்தால் பாஸ்வேர்ட் சோதனையை டவ்காட்டிடமே விட்டுவிடலாம். லைப்ரரி வேண்டாம், சாக்கெட் வழியாகப் பேசிக்கொள்ளும். சர்வரில் டவ்காட் இருந்தால் இதுதான் சரியான வழி. ஐமேப்புக்கும் மெயில் அனுப்புவதற்கும் பாஸ்வேர்ட் ஒரே இடத்தில் இருக்கும்.

சப்போர்ட்_பாம் திறந்து சிஸ்டம் பாஸ்வேர்டைக் கொண்டே வேலையை முடிக்கலாம் என்று தோன்றும். எக்ஸ்ட்ராலிப்ஸ் வரியில் -எல்பாம் சேர்த்தால் கட்டவும் கட்டிவிடும். ஆனால் லாகின் நடக்கும் நேரத்தில் எக்ஸிம் ரூட்டாக இல்லை. பாஸ்வேர்டுகள் இருக்கும் ஷேடோ கோப்பை அதனால் படிக்க முடியாது. சரியான பாஸ்வேர்ட் கொடுத்தாலும் தோற்கும். ஷேடோ கோப்பின் உரிமையைத் தளர்த்துவது இதற்குத் தீர்வு இல்லை.

9. ஸ்கேன், எஸ்பிஎஃப், டிமார்க் முதலியன

வித்_கன்டென்ட்_ஸ்கேன்: ஸ்பாம், வைரஸ் சோதனைக்கு. கட்டும்போது லைப்ரரி எதுவும் வேண்டாம். கிளாம்ஏவி, ஸ்பாம்அசாசின் எல்லாம் ஓடும்போது சாக்கெட் வழியாக அழைக்கப்படுபவை. இன்று தேவையில்லை என்றாலும் திறந்து வையுங்கள். பைனரியில் இருப்பதால் நஷ்டமில்லை; இல்லாவிட்டால் இன்னொரு பில்ட்.

டிகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து): இயல்பாகவே உண்டு. எதையும் தொட வேண்டாம்.

சப்போர்ட்_எஸ்பிஎஃப்: எஸ்பிஎஃப்2 லைப்ரரி வேண்டும். எல்டிஃப்ளாக்ஸ் வரியில் += குறியோடு சேர்க்கச் சொல்லியிருக்கும்; வெறும் = போட்டால் அதற்கு முன் சேர்த்தவை போய்விடும்.

சப்போர்ட்_டிமார்க்: ஓபன்டிமார்க் லைப்ரரி வேண்டும், எஸ்பிஎஃப்பும் டிகிமும் ஏற்கெனவே இருக்க வேண்டும். ஓபன்டிமார்க்கின் 1.3 வரிசை லைப்ரரிதான் உங்களிடம் இருக்கிறதென்றால் எடிட்மீயில் அதற்கான டிமார்க்_ஏபிஐ வரியையும் பாருங்கள். ஓடும்போது பொது டொமைன் முடிவுகளின் பட்டியல் கோப்பு ஒன்றும் தேவைப்படும். டிமார்க்_டிஎல்டி_ஃபைல் அதன் பாதை.

சப்போர்ட்_எஸ்ஆர்எஸ்: மெயிலை வெளியே ஃபார்வர்ட் செய்பவர்களுக்கு. 4.95 முதல் வெளி லைப்ரரி இல்லாமலே வருகிறது.

சப்போர்ட்_ஐ18என்: ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் உள்ள முகவரிகளுக்கு. ஐடிஎன் லைப்ரரி வேண்டும்.

எக்ஸிம்_பெர்ல்: கான்ஃபிக்குக்குள் பெர்ல் நிரல் எழுதும் எண்ணம் இருந்தால் மட்டும். இல்லையென்றால் விடுங்கள், ஏன் என்பது கடைசிப் படியில்.

எக்ஸ்பெரிமென்டல் என்று தொடங்கும் வரிகளைப் புதியவர்கள் தொட வேண்டாம். அடுத்த பதிப்பில் பெயரும் மாறலாம், நடத்தையும் மாறலாம்.

10. கம்பைல்

மேல் டைரக்டரியில் நின்று மேக் என்று கொடுங்கள். பில்ட்-லினக்ஸ் என்று தொடங்கி மெஷின் வகையில் முடியும் பெயரோடு புதிய டைரக்டரி ஒன்று உருவாகும். அதற்குள் ஒரு மேக்ஃபைல் இருக்கும். எரர் வந்ததும் அதைத் திருத்தத் தோன்றும். திருத்தாதீர்கள். எக்ஸிமின் பொதுவான அமைப்பு, லினக்ஸுக்கான அமைப்பு, உங்கள் லோக்கல் கோப்பு எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டித் தயாரிக்கப்படுவது அது. மாற்றம் எப்போதும் லோக்கல் டைரக்டரியில்தான். சந்தேகமாக இருந்தால் மேக் மேக்ஃபைல் என்று கொடுங்கள், புதிதாக ஒட்டிக்கொள்ளும்.

எரர்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் பதற்றம் இருக்காது. .எச் என்று முடியும் கோப்பு இல்லை என்றால் டெவ் பேக்கேஜ் இல்லை, அல்லது இன்க்ளூட் பாதை தவறு. -எல் என்று தொடங்கும் ஒன்றைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அந்த லைப்ரரியே இல்லை. புதிய டிஸ்ட்ரோக்களில் என்எஸ்எல் லைப்ரரி தனி பேக்கேஜாகப் பிரிந்துவிட்டதால் அது இப்படிக் கேட்பதுண்டு. அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் என்றால் ஹெடர் இருக்கிறது, லிப்ஸ் வரியில் பெயர் விட்டுப்போயிருக்கிறது.

எக்ஸிம் திரையில் கோப்பின் பெயரை மட்டும் காட்டும். கம்பைலருக்குப் போகும் முழுக் கட்டளை தெரியாது. தெரிய வேண்டுமானால் ஃபுல்எக்கோ என்ற மாறிக்கு வெற்று மதிப்பு கொடுத்து மேக் -இ என்று ஓட்டுங்கள். எந்த -ஐ பாதை போகிறது, எந்த -எல் விட்டுப்போனது என்பது அப்படியே தெரியும்.

11. நிறுவுதலும் சோதனையும்

இங்கே மட்டும் ரூட். ஆனால் உடனே நிறுவாதீர்கள். மேக் இன்ஸ்டால்_ஆர்க்=-என் இன்ஸ்டால் என்று கொடுத்தால் எது எங்கே போகும் என்று காட்டும், எதையும் எழுதாது. பாதைகள் நீங்கள் நினைத்தபடி இருந்தால் மேக் இன்ஸ்டால்.

பைனரி பதிப்பு எண்ணோடும் கட்டிய எண்ணோடும் போய் உட்காரும். எக்ஸிம் என்ற பெயர் அதற்கு ஒரு சிம்பாலிக் லிங்க். பழைய பைனரி அங்கேயே இருக்கும் என்பது பெரிய வசதி: ஏதாவது தவறினால் லிங்கைப் பழையதற்குத் திருப்பினால் போதும். கான்ஃபிக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் அதன் மேல் எழுதாது.

பைனரிக்கு செட்யூஐடி ரூட் உரிமை (யார் அழைத்தாலும் ரூட்டாகத் தொடங்கும் உரிமை) இருக்க வேண்டும். நோசூயிட் என்று மவுன்ட் செய்த பார்ட்டிஷனில் வைத்தால் அந்த உரிமை இருந்தும் பயனில்லை.

இனி எக்ஸிம் -பிவி. இரண்டாம் படியில் எழுதிய தாளை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்: சப்போர்ட் வரியில் டிஎல்எஸ் லைப்ரரியின் பெயர், கன்டென்ட் ஸ்கேனிங், லுக்அப்களில் டிசர்ச்சும் உங்கள் டேட்டாபேஸும், ஆதென்டிகேட்டர்களில் பிளைன்டெக்ஸ்ட் அல்லது டவ்காட். இதே கட்டளை கான்ஃபிக் கோப்பையும் படித்துப் பார்ப்பதால், அதில் பிழை இருந்தால் இங்கேயே வரி எண்ணோடு சொல்லிவிடும்.

அடுத்து எக்ஸிம் -பிடி என்று கொடுத்து (இரண்டும் சிறியது, இந்த டி டைமில் வரும் எழுத்து) ஒரு முகவரியைச் சேர்த்தால் அது எந்த ரவுட்டர், எந்த டிரான்ஸ்போர்ட் வழியாகப் போகும் என்று காட்டும். எக்ஸிம் -பிஎச் கொடுத்து ஒரு ஐபி முகவரியைச் சேர்த்தால், அந்த முகவரியிலிருந்து யாரோ இணைந்தது போல எஸ்எம்டிபி உரையாடலை நடத்திப் பார்க்கலாம். மெயில் எதுவும் போகாது. பழைய சர்வர் 25-ஆம் போர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதைச் சோதிக்க, எக்ஸிம் -பிடி -ஓஎக்ஸ் 1225 என்று (இங்கே பி, டி, ஓ சிறியவை, எக்ஸ் பெரியது, இந்த டி டேவிட்டில் வரும் எழுத்து) வேறு போர்ட்டில் டீமனை எழுப்பலாம்.

-சி ஆப்ஷனால் (பெரிய எழுத்து) வேறு கான்ஃபிக் கோப்பைக் கொடுத்துச் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் எக்ஸிம் ரூட் உரிமையைக் கைவிட்டுவிடும். டெலிவரி தோற்றால் கோப்பில் தவறென்று முடிவு கட்டாதீர்கள். அனுமதிக்கப்பட்ட பாதைகளை ஒரு கோப்பில் எழுதி, அந்தக் கோப்பை டிரஸ்டட்_கான்ஃபிக்_லிஸ்ட் என்ற பில்ட் ஆப்ஷனில் முன்பே சொல்லி வைக்க வழி உண்டு.

எல்லாம் சரியென்றால் ஓடிக்கொண்டிருக்கும் டீமனை உடனே ரீஸ்டார்ட் செய்யுங்கள். லிங்க் மாறிய நொடியிலிருந்து புதிதாக அழைக்கப்படும் எக்ஸிம்கள் புதிய பைனரியையும், ஏற்கெனவே ஓடும் டீமன் பழையதையும் பயன்படுத்தும். அந்த நிலையை நீட்டிக்க வேண்டாம். பிற நிரல்கள் மெயில் அனுப்ப சென்ட்மெயில் என்ற பெயரைத்தான் அழைக்கும். அந்த லிங்க் புதிய எக்ஸிமைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். டிஸ்ட்ரோவின் மெயில் பேக்கேஜ் இன்னும் நிறுவியிருந்தால், அதன் அடுத்த அப்டேட்டில் அந்த லிங்க் பழையபடி திரும்பிவிடக்கூடும்.

12. கட்டி முடித்த பிறகு

மூன்று கோப்புகளைக் கிட் எனும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் போட்டு வையுங்கள்: லோக்கல் டைரக்டரியின் மேக்ஃபைல், எக்ஸிம் -பிவி தந்த முழு வெளியீடு, நிறுவிய டெவ் பேக்கேஜ்களின் பட்டியல். அடுத்த பதிப்புக்குப் போகும்போது பழைய மேக்ஃபைலை அப்படியே காப்பி செய்யாதீர்கள். புதிய எடிட்மீயை எடுத்து, பழைய எடிட்மீக்கும் உங்கள் மேக்ஃபைலுக்கும் உள்ள வித்தியாசத்தை டிஃப் போட்டுப் பார்த்து, அந்த மாற்றங்களை மட்டும் செய்யுங்கள். மேல் டைரக்டரியில் இருக்கும் ரீட்மீ.அப்டேட்டிங் கோப்பை அதற்கு முன் படித்துவிடுங்கள். பெயர் மாறிய ஆப்ஷன்கள் அதில் இருக்கும்.

டிஸ்ட்ரோவின் பெரிய அப்கிரேடுக்கு முன்னும் பின்னும், வேண்டிய லைப்ரரிகளைக் காட்டும் எல்டிடி கட்டளையை எக்ஸிம் பைனரியின் மேல் ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஒரு லைப்ரரிக்கு எதிரே நாட் ஃபவுண்டு என்று வந்தால் எக்ஸிம் தொடங்கவே தொடங்காது. பதிப்பு எண் பெயரிலேயே இருக்கும் லைப்ரரிகள்தான் இதில் முதல் சந்தேக நபர்கள். பெர்லைத் தேவையில்லாமல் சேர்க்க வேண்டாம் என்றது இதனால்தான். டேட்டாபேஸ் கிளையன்ட் லைப்ரரிகளும் இப்படித்தான். பேக்கேஜாக இருந்தால் டிஸ்ட்ரோவே பொருந்தும் பைனரியைத் தந்திருக்கும். இங்கே மறுபடி கட்டுவது உங்கள் வேலை. அப்கிரேட் நாளில் மேக் கிளீன், மேக், மேக் இன்ஸ்டால் மூன்றுக்கும் நேரம் ஒதுக்கி, மெயில் போக்குவரத்து குறைவாக இருக்கும் வேளையாகப் பார்த்துச் செய்யுங்கள். அந்த இடைவெளியில் சர்வர் நின்றிருந்தாலும், அனுப்பும் சர்வர்கள் மெயிலைத் தங்கள் வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி முயலும்.